ஊறப்போட்ட தூண்டில்

போன வாரம் நம் விடுதித் தோழிகள் குழுவில் ஒருத்தி ஒரு வீடியோ போட்டிருந்தாள். பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் இருக்கும் அவள் பேரன் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு, நீளமான ஒரு கோலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசுகிறான். மஞ்சள் நூல் ஒன்று காற்றில் நெளிந்து நெளிந்து போகிறது. புதிதாக வாங்கின தூண்டிலாம், இன்னும் கை பழகவில்லையாம். நீங்கள் சும்மா விடுவீர்களா? மாடு ஓட்டுகிறானா மீன் பிடிக்கிறானா என்று ஒருத்தி கேட்டாள். கொசு விரட்டுகிறான் என்றாள் இன்னொருத்தி. ஆளாளுக்கு ஸ்மைலி போட்டுத் தள்ளினீர்கள்.

நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. "பையன் அவசரப்படுகிறான், நூல் முதுகுக்குப் பின்னால் முழுசாக நீளும்வரை பொறுக்கச் சொல்" என்று எழுதினேன். எழுதிவிட்டு அழித்தேன். சாமைச் சோறும் களியும் தின்று வளர்ந்த ஜவ்வாது மலைக்காரி, நாற்பது வருஷம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஓய்வு பெற்றவள், உனக்கு இது எப்படியடி தெரியும் என்று கேட்பீர்கள். கேட்டால் சொல்ல வேண்டிவரும். ஐம்பத்தாறு வருஷமாக நான் யாரிடமும் சொல்லாதது அது.

சரி, சொல்லித் தொலைக்கிறேன். ஒன்றே ஒன்று. பாதி படித்துவிட்டு "அய்யோ பாவம், நீ சின்னப் பிள்ளைதானே" என்று பதில் போடாதீர்கள். அது எனக்கு வேண்டாம்.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் ஊர் புதூர்நாட்டில் ஒரு குக்கிராமம். இருபது வீடு இருக்கும். ஊருக்கு மேலே வனத்துறையின் பங்களா, கீழே ஆறு. பங்களாவுக்கு இரண்டு வாட்சர்கள், இரண்டு பேரும் தினக்கூலி. ஒருவர் என் அப்பா. இன்னொருவர் என் அம்மாவின் தம்பி, என் தாய்மாமன். எனக்கு அவர் மாமா, அக்கா புருஷன் என்பதால் அவருக்கு என் அப்பா மாமா. கல்யாணம் ஆகாதவர், இருபத்தைந்து வயது. சாப்பாடும் படுக்கையும் எங்கள் வீட்டில்தான். பங்களாவைக் கூட்டுவது, விறகு பிளப்பது, காலையில் கிளம்பிச் சந்தன மரங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மதியம் திரும்புவது, இதுதான் வேலை. மாமாதான் முதலில் சேர்ந்தவர். அப்பாவைச் சொல்லிச் சேர்த்துவிட்டதே அவர்தான். ஐந்தாவது வரை படித்திருந்ததால் பங்களாவுக்கு வரும் தாள்களை எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவார். அப்பாவுக்குக் கைநாட்டு.

அந்த வருஷம் நீலகிரியிலிருந்து மாற்றலாகி ஒரு ரேஞ்சர் வந்தார். ஒல்லியான மனிதர், சத்தம் போட்டுப் பேச மாட்டார். ஐப்பசி மழை விட்டு ஆறு தெளிந்தபோது அவருக்குச் சீமையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. ஜீப்பில் வந்து இறங்கிய அந்த நீளத் தகரக் குழாயைப் பார்த்து, ஏதோ புது மாதிரித் துப்பாக்கி என்றுதான் அப்பா நினைத்தார்.

ரேஞ்சர் வராண்டாவில் உட்கார்ந்து குழாயைத் திறந்தார். உள்ளே ஒரு துணிப்பை. பைக்குள் மூன்று துண்டாக ஒரு கோல். ஒன்றை ஒன்றில் சொருகப் பித்தளைக் குழாய், நூல் ஓட வரிசையாகக் கம்பி வளையங்கள், கீழே கார்க்குப் பிடி, பிடிக்கு அடியில் ஒரு சின்னச் சக்கரம். சொருகி முடித்ததும் புல்வெளியில் இறங்கி நின்று வீச ஆரம்பித்தார். தண்ணீரும் இல்லை, மீனும் இல்லை, வெறும் புல்.

"தண்ணியே இல்லாத எடத்துல இன்னா மாமா மீனு புடிக்கிறாரு?" என்று மாமா அப்பாவின் காதைக் கடித்தார்.

"வாய மூட்றா, ஐயா காதுல வுழப் போவுது."

ஐயா காதில் விழுந்துவிட்டது. அவர் சிரித்தார். "புது ராடுப்பா. என் கை அதுக்குத் தெரியணும், அது கை எனக்குத் தெரியணும். அப்புறம்தான் மீனெல்லாம்."

மாமாவுக்கு அது வேடிக்கையாகப் போய்விட்டது. அன்று முழுக்க எதை எடுத்தாலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா புது அகப்பை எடுத்தால், "அக்கா, மொதல்ல அதுக்கு ஒன் கைய காட்டு." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் மறுநாளும் அதற்கு மறுநாளும் காலையில் விறகு அடுக்குக்குப் பின்னால் குந்திக்கொண்டு அவர் வீசுவதைக் கண் கொட்டாமல் பார்த்தது நான்தான். நூல் பின்னால் போய், ஒரு நொடி காற்றில் படுத்து, அப்புறம் முன்னால் வரும். நானும் ஒரு விறகுக் குச்சியை அதே மாதிரி ஆட்டிப் பார்ப்பேன்.

நாலாவது நாள் ரேஞ்சருக்கு ஒரு மாதப் பயிற்சி என்று தந்தி வந்தது. கிளம்பும்முன் அப்பாவையும் மாமாவையும் கூப்பிட்டுச் சொன்னார். இரண்டு வாட்சரில் ஒருவரை நிரந்தரமாக்க உத்தரவு வந்திருக்கிறது, திரும்பி வந்ததும் ஒரு பெயரை எழுதி அனுப்ப வேண்டும். காக்கி உடுப்பு, மாதச் சம்பளம், கடைசிக் காலத்தில் பென்ஷன். மலையில் அப்போது அது ராஜ வாழ்க்கை. யார் பெயர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அப்பாவே அன்று சாப்பிடும்போது, "நீதான்டா மச்சான் மொதல்ல. ஒனக்கு ஆனா எனக்கு ஆன மாதிரி" என்றார். மனசாரத்தான் சொன்னார். பங்களாச் சாவியும் மாமாவிடம்தான் கொடுக்கப்பட்டிருந்தது. "ராடு பத்திரம்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார் ரேஞ்சர்.

அந்தச் சாவி எங்கள் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கியது. மழையில் பாதை சரிந்து கிடந்ததால் வாத்தியார் மலை ஏறவில்லை, பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. அப்பாவும் மாமாவும் காலையில் சுற்றுக்குப் போவார்கள். அம்மா கேழ்வரகுக் கொல்லைக்குப் போவாள். அப்புறம் கேட்க வேண்டுமா?

முதல் நாள் பையைத் திறந்து மோந்து பார்த்தேன், அவ்வளவுதான். வார்னிஷ் வாசனை. அதை மோந்துகொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. இரண்டாம் நாள் துண்டுகளைச் சொருகிப் பார்த்தேன். பித்தளை போய்ப் பித்தளையில் உட்காரும்போது "டொப்" என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அதற்காகவே கழற்றிக் கழற்றி மாட்டினேன். விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கோல் உருண்டை இல்லை. ஆறு பட்டை. ஆறு மூங்கில் கீற்றைச் சீவி, ஒட்டவைத்து ஒரே கோலாக்கியிருந்தார்கள். நகம்கூட நுழையாது, அப்படி ஒரு ஒட்டு. எங்கள் மலையில் இல்லாத மூங்கிலா, ஆனால் இப்படிச் செய்த ஒன்றை நான் கண்டதில்லை. சக்கரத்தைச் சுற்றினால் கிர்ர்ரென்று சத்தம் வரும். யாராவது வந்துவிடுவார்களோ என்று பயந்து அதன்மேல் பாவாடையைப் போர்த்திச் சுற்றினேன்.

ஒரு தகர டப்பாவில் தூண்டில் முட்கள் இருந்தன. புழு குத்தும் முள் இல்லை. ஒவ்வொன்றிலும் சேவல் இறகைச் சுற்றிப் பட்டு நூலால் கட்டி, ஈ மாதிரியும் குட்டி வண்டு மாதிரியும் செய்திருந்தார்கள். எங்கள் ஊரில் மீன் பிடிப்பது என்றால் துணி விரித்து அயிரை அள்ளுவது, இல்லாவிட்டால் காரைக்காயை இடித்து மடுவில் கலக்கி மயங்கி மிதப்பதைப் பொறுக்குவது. மீனை இப்படி ஏமாற்றலாம் என்று யாருக்குத் தோன்றியதோ!

மூன்றாம் நாள் கோலை ஆற்றுக்கே கொண்டுபோய்விட்டேன். ஊர்க்காரர்கள் வராத மேல்மடு. வீசினேன். முள் என் பாவாடையில் மாட்டியது. கழற்றி வீசினேன், பின்னலில் மாட்டியது. அடுத்து நுணா மரத்தில். அதற்கடுத்து என் காது மடலில், ரத்தம் வந்தது. அம்மாவிடம் முள்ளுச்செடி கிழித்தது என்று சொன்னேன். மூன்று இறகு முட்களைத் தொலைத்தேன். கோலுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்து அழுதேன், சத்தியமாக அழுதேன்.

என் தப்பு என்ன என்று ஏழெட்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது. நான் கல் எறிவது மாதிரி எறிந்துகொண்டிருந்தேன். எறியவே கூடாது. கோலைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். நூல் பின்னால் நீண்டு முடிந்ததும் உள்ளங்கையில் ஒரு சின்ன இழுப்பு வரும். அப்போது கையை லேசாக முன்னால் விட்டால் போதும், மீதியைக் கோல் பார்த்துக்கொள்ளும். முதல் தடவை அது சரியாக வந்தபோது நூல் நேராகப் போய், இறகு தண்ணீரில் சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. நான் "அம்மாடி!" என்று கத்திவிட்டேன். அந்த இழுப்பு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. ஊசி பிடித்த கை, பிள்ளை தூக்கிய கை, எதுவும் அதை அழிக்கவில்லை.

மறுநாள் ஒரு கெண்டை ஏறியது. விரல் நீளம்தான் இருக்கும். அது துள்ளினது நுனியிலிருந்து பிடிவரை ஓடி வந்து என் தோளைத் தொட்டது. வீட்டுக்கு எடுத்துப் போக முடியுமா? எப்படிப் பிடித்தாய் என்று கேட்பார்களே. முத்தம் கொடுத்துத் தண்ணீரில் விட்டுவிட்டேன். இப்படி ஐந்தாறு மீன். அந்தக் கோல் ரேஞ்சருடையது என்பதே எனக்கு மறந்துபோயிற்று. என் கை அதற்குத் தெரிந்துவிட்டது, அது என்னுடையது.

ஒரு நாள் பாறையில் வழுக்கி விழுந்தேன். எனக்கு முட்டியில் அடி, கோலுக்கு நடுத்துண்டில் நகம் அகலத்துக்கு வார்னிஷ் பெயர்ந்தது. உள்ளே வெள்ளை மூங்கில் தெரிந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புது மூங்கிலை நாங்கள் அப்படியே வைக்க மாட்டோம். வெட்டிக் கட்டி, ஓடுகிற தண்ணீரில் கல் ஏற்றி ஊறப்போடுவோம். மூங்கிலில் இருக்கும் இனிப்பு தண்ணீரில் இறங்கிவிட்டால் வண்டு அண்டாது. அப்புறம் அடுப்புக்கு மேலே பரணில் போட்டுப் புகை காட்டுவோம். அதற்குப் பிறகு அது இரண்டு தலைமுறைக்கு இருக்கும். பங்களா கட்டிய கான்ட்ராக்டர் கீழ்நாட்டு ஆள், ஊறாத மூங்கிலைக் கூரையில் வைத்துவிட்டான். வராண்டா முழுக்க எந்நேரமும் மஞ்சள் மாவாகக் கொட்டும். அதைக் கூட்டும்போதெல்லாம் மாமா, "ஊற வெக்காம வெச்சா உளுக்காம இன்னா பண்ணும்? படிச்சவனுங்களுக்கு மூங்கிலப் பத்தி இன்னா தெரியும்?" என்று சிரிப்பார்.

ரேஞ்சரும் படித்தவர்தானே. கோலை வாங்கி நேராக வீசத் தொடங்கிவிட்டார், யாரும் ஊறப்போடவில்லை. வார்னிஷ் போன இடம் வழியாக வண்டு ஏறி, என் கோல் மாவாகக் கொட்டப் போகிறது என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் வர இன்னும் பத்து நாள் இருந்தது. மூன்று துண்டையும் கொடியால் கட்டி, மேல்மடுவுக்குக் கீழே ஓட்டமான இடத்தில் வைத்துக் கல் ஏற்றினேன். மூன்று நாள். பாசத்தில்தான் செய்தேன். அதுவரைக்கும் என்மேல் ஒரு குற்றமும் இல்லை, அதை நானே சொல்வேன்.

நாலாம் நாள் கல்லை நகர்த்தி எடுத்தபோது வார்னிஷ் பால் மாதிரி வெளுத்திருந்தது. நுனித்துண்டில் ஒரு பட்டை மயிரிழை அளவு விட்டிருந்தது. அமுக்கினால் ஒட்டும், விட்டால் திறக்கும். எனக்குப் புரிந்துவிட்டது. தெரியாது, சின்ன வயசு என்றெல்லாம் இப்போது சொல்லிக்கொள்ள வழியே இல்லை. பசை விட்டுப்போச்சு என்று அந்த ஆற்றங்கரையிலேயே எனக்குத் தெரியும். தேன்மெழுகைத் தேய்த்து அந்த இடுக்கை மூடினேன். பாவாடையால் துடைத்துப் பையில் போட்டு, குழாயில் சொருகி, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து விடாத மழை. மூன்றாம் நாள் மாமா கோலைத் துடைத்து வைக்கலாம் என்று எடுத்திருக்கிறார். பை ஈரம். நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடிவந்தார்.

"அக்கா, பங்களா ஓடு ஒழுவுது போல கீது. ஐயா கோலு நனஞ்சிப் போச்சி."

"அய்யய்யோ, இப்ப இன்னாடா பண்றது?"

"காய வெக்கணும். அடுப்பு மேல போட்டா ரெண்டு நாள்ல காஞ்சிடும்."

"கருகிடப் போவுதுடா."

"நம்ம மூங்கிலு கருவுதா? புகை பட்டாதான் அதுக்கு வைரம் ஏறும். ஐயாவுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?"

நான் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தேன். கையில் உருட்டின களி அப்படியே நின்றது. வேண்டாம் மாமா, அது நம்ம மூங்கில் இல்லை, பசை போட்டு ஒட்டினது, நான் ஊறப்போட்டுவிட்டேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நான் களியை விழுங்கினேன். மாமா துணி சுற்றி, துண்டுகளைப் பரணில் பக்குவமாக அடுக்கினார். ஒரு நாளைக்கு மூன்று தடவை ஏறிப் பிள்ளையைப் புரட்டிப் போடுவது மாதிரி புரட்டி வைத்தார். நான் கீழே இருந்து பார்த்தேன்.

ரேஞ்சர் சொன்ன நாளுக்கு வந்தார். ஜீப்பை விட்டு இறங்கியதும் கைகூடக் கழுவாமல் குழாயைத் திறந்தார். முதல் துண்டு பாதி பிரிந்தே வந்தது. நுனித்துண்டு ஆறு கீற்றாகப் பிரிந்து, துடைப்பக் குச்சி மாதிரி கையில் விரிந்தது. அதற்கு முந்தின நாள் மாமா அதைப் பரணிலிருந்து எடுத்துத் துணியைக்கூடப் பிரிக்காமல் பைக்குள் வைத்திருந்தார். அவரும் அப்போதுதான் பார்க்கிறார்.

அப்பா, மாமா, சாப்பாடு கொண்டுவந்த அம்மா, அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான். ரேஞ்சர் கத்தவில்லை. "யாரு பண்ணினது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா" என்று அப்பா கையைக் கட்டிக்கொண்டார்.

மாமா முன்னால் வந்தார். "நான்தாங்க. ஈரமா இருந்திச்சிங்க. அடுப்பு மேல காய வெச்சேன். இப்படி ஆவும்னு தெரியாதுங்க. மாமாவுக்கு இதுல சம்பந்தம் இல்லீங்க."

"ஈரம் எப்படி வந்தது? குழாய்ல வெச்சதுதானே?" ரேஞ்சர் கூரையை நிமிர்ந்து பார்த்தார். காய்ந்திருந்தது. அப்புறம் அவர் கண் என்மேல் விழுந்தது. டப்பாவில் மூன்று முள் குறைவதைப் பார்த்திருப்பாரோ என்னவோ. "பாப்பா, நீ எடுத்தியா?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று.

"அதுக்கு இன்னாங்க தெரியும், சின்னப் புள்ள" என்று மாமா எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார். "அது மேல சந்தேகப்படாதீங்க ஐயா. தப்பு என்னுதுதான்."

ரேஞ்சர் அந்தக் கீற்றுகளை ஒன்றுசேர்த்துப் பிடித்துப் பார்த்தார். "மூங்கில் காட்டுலயே பொறந்தவனாச்சேன்னு உன்கிட்டக் குடுத்தேன்" என்றார். அவ்வளவுதான். கீற்றுகளை வராண்டாவுக்கு வெளியே போட்டுவிட்டு உள்ளே போனார்.

எழுதிப் போன பெயர் என் அப்பாவுடையது.

மாமா அன்று அம்மாவிடம், "யாருக்கு வந்தா இன்னாக்கா, நம்ம வூட்டுக்குத்தான வருது" என்றார். அம்மா அந்தக் கீற்றுகளைப் பொறுக்கி வந்து அவரைப் பந்தலுக்கு ஊன்றினாள். தை மாதம் முழுக்க அந்த அவரைக்காயைத் தின்றேன்.

அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் காக்கி உடுப்பு உடம்பில் ஏறியதும் அவருக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ரேஞ்சருக்கு மாமாவைப் பார்த்தாலே முகம் சுருங்கும். அதைப் பார்த்து அப்பாவுக்கும் சுருங்கும். இரண்டு மாதத்தில் மாமாவைக் கூலிக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. "அறிவு கெட்டவன், என் வேலைக்கும் சேத்து ஒல வெச்சிருப்பான். இனிமே அவன் வூட்டுப் பக்கம் வரக் கூடாது. ஐயா பாத்தா இன்னா நெனப்பாரு?" என்று அம்மாவிடம் சொன்னார். மாமா ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனார். போகும்போது என் தலையைத் தடவி, "நல்லாப் படி கண்ணு" என்றார்.

நான் வயதுக்கு வந்தபோது எனக்குப் பதின்மூன்று. பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்ட வேண்டியது தாய்மாமன். உங்களுக்குத் தெரியாததா. எப்படியோ சேதி கேள்விப்பட்டு மாமா குடகிலிருந்து வந்துவிட்டார். பாவாடை, வளையல், வெல்லம், ஒரு தார் வாழைப்பழம், எல்லாவற்றையும் தலையில் வைத்துக்கொண்டு ஊர் எல்லைப் புளியமரத்தடியில் நின்றார். உள்ளே வா என்று அப்பா கூப்பிடவில்லை. அம்மா வழியில் தூரத்துச் சொந்தம் ஒருத்தரை மாமன் முறைக்கு நிறுத்திக் குடிசை கட்டினார்கள். ஓலை இடுக்கு வழியாக நான் பார்த்தேன். வெயில் ஏறும்வரை நின்றார். அப்புறம் சீரை மரத்தடியிலேயே இறக்கி வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்போது சொல்லியிருக்கலாம். பத்து வயதில் பயம் என்றால், பதின்மூன்றில் என்ன? அப்பா வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டதுண்டு. பொய். அந்த வாரம்தான் எனக்கு விடுதியில் இடம் கிடைத்திருந்தது. மலையை விட்டு இறங்கப் போகிறோம் என்று துள்ளிக்கொண்டிருந்தேன். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. அசிங்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம். நீங்கள் என்னைப் பார்த்தது அதற்கப்புறம்தான். காக்கி உடுப்பில் பலாப்பழம் சுமந்து வரும் என் அப்பாவைப் பார்த்து, "உங்கப்பா போலீசா?" என்று கேட்டு நீங்கள் பயந்ததும், நான் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடந்ததும் நினைவிருக்கிறதா? அந்த உடுப்பு இன்னொருவருடையது.

அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள், அவள் கடைசியாகப் படுத்திருந்தபோது. "அந்தப் பரண்ல எத்தினி மூங்கிலு காஞ்சிருக்கு. ஒண்ணாவது பொளந்திச்சாடி? அது மட்டும் எப்பிடிப் பொளந்திச்சி?" என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். "தெரியலம்மா" என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அப்பாவும் போய்ப் பல வருஷம் ஆகிறது. மாமா வயதான பிறகு குடகிலிருந்து ஊருக்கே வந்து, மகன் வீட்டில் இருக்கிறார். இந்தத் தை மாதம் போனேன். ஷேர் ஜீப்பில் இடிபட்டுக்கொண்டே சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மாமா, அதை ஊறப்போட்டது நான். உங்கள் வேலையைத் தின்றது நான். இரண்டே வாக்கியம். இவ்வளவு வருஷம் கழித்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற யோசனையை ஒவ்வொரு வளைவிலும் தள்ளிவிட்டுக்கொண்டே போனேன்.

வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டிவிட்டது. கண் சரியாகத் தெரியவில்லை, குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். "யாரு, எங்கக்கா பொண்ணா? வா கண்ணு, வா வா. மருமவளே, யாரு வந்துகீது பாரு!" என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். காப்பித் தோட்டத்தில் தேய்ந்த கை, மரப்பட்டை மாதிரி இருந்தது. மருமகள் வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "மாமா, அந்த ரேஞ்சரோட தூண்டில் கோலு ஞாபகம் இருக்கா? அதப் பத்தி ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நீ ஒண்ணும் சொல்ல வாணாம் கண்ணு. நான்தான் சொல்லணும். உங்கப்பன் உசுரோட கீறப்பவே ஒரு தபா கால்ல வுழுந்துடணும்னு இருந்தேன். தைரியம் வரல. உங்கம்மா சாவுக்கு வந்தப்பகூட அவரு மூஞ்சியப் பாக்க முடியல. என் முட்டாத்தனத்தால அவரு வேலயும் சேந்து போவ இருந்திச்சி. போயிருந்தா நீ படிச்சிருப்பியா? நர்சம்மா ஆயிருப்பியா? அன்னில இருந்து நான் ஒரு மூங்கில அடுப்பு மேல வெச்சது இல்ல தெரியுமா? குடகுல எல்லாம் வெப்பானுங்க. நான் கிட்டகூடப் போவ மாட்டேன்."

"மாமா..."

"இரு, இரு. ஊறப்போட்ட நம்ம மூங்கிலு இன்னா, வெள்ளக்காரன் மூங்கிலு இன்னான்னு யோசிக்காத மடையன் நானு. உங்கப்பன் இல்ல. நீ கீற. அவரு பொண்ணு நீ. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடு கண்ணு. நிம்மதியாப் போய்டுவேன்."

சொல்லிவிட்டு என் கையை விட்டுவிட்டு, எண்பது வயதுக் கிழவர், எனக்கு முன்னால் இரண்டு கையையும் கூப்பினார். மருமகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கப் புலம்புவார் போலிருக்கிறது, சீக்கிரம் சொல்லிவிடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். மனப்பாடம் செய்த இரண்டு வாக்கியமும் என் நாக்கில்தான் இருந்தது. சத்தியமாக இருந்தது. ஆனால் அதைச் சொல்லியிருந்தால் அந்த முகம் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேனா, என் முகம் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேனா, இப்போது கேட்டால் எனக்கே தெரியவில்லை.

"மன்னிச்சிட்டேன் மாமா" என்றேன்.

அவர் அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். மருமகளைக் கூப்பிட்டு, அக்கா பொண்ணுக்குக் கோழி அடிக்கச் சொன்னார். இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.